ஊர் வந்து உட்காரும் சாயங்காலம்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்திலிருந்தே அரசு மேல்நிலைப் பள்ளிகளின் பின்பக்கம் மதியத்துக்கு மேல் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சத்துணவுக் கூடத்தை ஒட்டிய வேப்ப மரத்தடியிலோ, பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடத்தின் தாழ்வாரத்திலோ எட்டுப் பேர், பத்துப் பேர் வரிசை கட்டி நிற்பார்கள். ஒரு டீச்சரின் செல்போனில் பாட்டு ஓடும். "இடது கால்டீ, இடது கால்! எத்தனை தடவ சொல்றது?" என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மற்றவர்களை அதட்டிக்கொண்டிருப்பாள். வகுப்பறையில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடக்கிறது.

இந்த விழாவுக்கு நாள் குறிப்பது தலைமையாசிரியருக்குப் பெரிய பாடு. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்துவிடும். மார்ச் பிறந்தால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. 2024-ல் மார்ச் 1 அன்றே தொடங்கியது, 2025-ல் மார்ச் 3 அன்று. அந்த இரண்டு ஆண்டுகளிலும் மார்ச் கடைசி வாரத்தில் பத்தாம் வகுப்பு. நடுவே திருப்புதல் தேர்வுகள். இதற்குள் எப்படியோ ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்தாக வேண்டும். "இந்த நேரத்துல ஆட்டம் பாட்டம்னு விட்டா, ரிசல்ட் குறையும்போது யார் பதில் சொல்றது?" என்று கேட்கும் ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மாவட்ட அலுவலகத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்பவர்கள் அவர்கள்தான். ஆனாலும் ஆண்டு விழாவை நடத்தியே தீர வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். அது பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல.

ஓர் அரசுப் பள்ளிக்குப் பெற்றோர் எப்போதெல்லாம் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சேர்க்கையின்போது வருவார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வருவார்கள். வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், ஆதார் என்று ஏதாவது குறைந்தால் வருவார்கள். மற்றபடி, பையன் வம்பு செய்தால் "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பப்பட்டால் வருவார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தகப்பனைப் பார்த்திருப்பீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று சட்டப்படி ஒன்று இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தந்த நல்ல ஏற்பாடு அது. அங்கே வருவோர் குழுவில் இருப்பவர்கள் மட்டுமே. ஆண்டுக்கு ஒரு சாயங்காலம்தான், யாரும் குற்றம் சொல்லிக் கூப்பிடாமல், கையெழுத்து கேட்காமல், மொத்த ஊரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு பள்ளிக்குள் வந்து நாற்காலி போட்டு உட்காருகிறது. "சார், எம் பொண்ணு எத்தனாவது ஆட்டம்?" என்று அதே தகப்பன் அதே ஆசிரியரிடம் சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

தனியார் பள்ளிகள் இதன் மதிப்பை நன்றாக அறிந்தவை. மண்டபம் பிடித்து, எல்.இ.டி. திரை கட்டி, வீடியோ எடுத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விளம்பரத்தையும் அதிலேயே முடித்துக்கொள்கின்றன. அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகள் இந்த விழா, விருப்பமுள்ள தலைமையாசிரியர் வாய்த்தால் நடப்பது, இல்லாவிட்டால் இல்லை என்றே இருந்தது. சில ஆண்டுகளாக அரசே இதற்கெனத் தனி நிதி ஒதுக்கி, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிகளுக்குத் தருகிறது. 2022-23 கல்வியாண்டில் 'கலைத் திருவிழா' தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள், வென்றவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டங்கள். மதிப்பெண் பட்டியலின் அடிவரிசையில் இருந்த பிள்ளைகள் பலர் அந்த மேடைகளில் முதல் வரிசைக்கு வந்ததை ஆசிரியர்களே சொல்லக் கேட்கலாம். ஆனால் போட்டி வேறு, விழா வேறு. போட்டியில் திறமையுள்ள பத்துப் பேர் போவார்கள். விழாவில் பின்வரிசையில் நின்று கையை மட்டும் ஆட்டுகிற பிள்ளைக்கும் இடமுண்டு. அந்தப் பிள்ளையைப் பார்க்கவும் கூட்டத்தில் ஓர் ஆயா வந்து உட்கார்ந்திருப்பாள்.

விழா நாளன்று மதியத்திலிருந்தே பள்ளியின் முகம் மாறிவிடும். ஷாமியானா ஏறும். மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஊருக்கே சேதி சொல்லிவிடுவார். சீரியல் பல்பு வாசலிலிருந்து மேடை வரை. ஆறாம் வகுப்பு அறை ஒப்பனை அறையாகும். டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த ஜிகினாத் துணிகள் பெஞ்சுகளின் மேல் கிடக்கும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வாடகைத் துணிக்குப் பணம் கொடுக்க முடியாமல், "எனக்கு ஆட இஷ்டம் இல்ல மிஸ்" என்று சொல்லி ஒத்திகையிலிருந்து விலகிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். அரசு தரும் நிதியில் ஷாமியானாவுக்கும் மாலைக்கும் போவதைக் குறைத்து, துணிக்கு முதலில் ஒதுக்கும் தலைமையாசிரியர்களை வணங்கலாம். அதைவிட எளிய வழியும் உண்டு. ஒயிலாட்டத்துக்குக் கையில் ஒரு வண்ணத் துணியும் காலில் சலங்கையும் இருந்தால் போதும். கும்மிக்கு வீட்டிலிருக்கும் பாவாடை தாவணியே அழகு.

மேடையில் முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாடகத்தில் வரும் வாழ்த்துப் பாட்டின் பகுதி அது. 1970-லிருந்து அரசு விழாக்களில் ஒலிக்கிறது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, முல்லைப்பாணியில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அரசாணை சொன்னது. நல்ல ஆணை. ஐந்து பெண் பிள்ளைகள் மைக்கைச் சுற்றி நெருங்கி நின்று சுருதி பிசகாமல் பாடி முடிக்கும்போது, எழுந்து நிற்கும் கூட்டத்தில் அவர்களின் அம்மாக்களின் உதடுகளும் அசையும். ஆனால் அந்த ஐந்து பேருக்கும் சொல்லிக் கொடுக்க எத்தனை பள்ளிகளில் இசை ஆசிரியர் இருக்கிறார்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. ஆண்டு விழாவைத் தோளில் சுமப்பவர்களில் பலர் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்காக 2012-ல் 16,549 பேரைத் தமிழக அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பிறகு தொகை உயர்ந்திருக்கிறது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் தெருவில் உட்கார்ந்த போராட்டங்கள் ஒன்றிரண்டல்ல. மே மாதம் பள்ளி இல்லை என்பதால் சம்பளமும் இல்லை என்ற நிலையில் ஆண்டுகளைக் கழித்தவர்கள் அவர்கள். மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் கோபுரம் வெட்டிக்கொண்டிருப்பவர் ஓவிய ஆசிரியர். ஒப்பனை கலைந்த பிள்ளைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பவர் தையல் டீச்சர். பிரமிடு கட்டும் பையன்கள் விழுந்துவிடாமல் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்பவர் பி.டி. சார். மூன்று அரை நாள் கணக்கெல்லாம் அந்த மாதத்தில் காணாமல் போயிருக்கும். விருந்தினர் பேச்சில் ஒரு வரி நன்றியோடு அவர்களை அனுப்பிவைக்கிறோம். கலையும் விளையாட்டும் கல்வியின் பகுதி என்று அரசு உண்மையாகவே நம்புகிறது என்றால், அதைச் சொல்லித் தருகிறவர்களுக்கு முழு வேலையும் முழுச் சம்பளமும் தருவதுதான் முதல் வேலை. கலைத் திருவிழாவின் வெற்றிக்கு உரிய மரியாதையும் அதுவே.

இனி, பேச்சுகள். தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பார். அது தேவை. எத்தனை பிள்ளைகள், எத்தனை தேர்ச்சி, யார் மாநிலப் போட்டிக்குப் போனார்கள், எந்தக் கட்டடம் ஒழுகுகிறது என்பதை ஊர் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் சிக்கல். வார்டு உறுப்பினரிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் வரை ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவரும் வாழ்த்துரை. நான்கு மணிக்குப் பவுடர் பூசிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வேர்த்து வழிந்து, தூங்கி விழுந்து, எட்டரை மணிக்கு மேடை ஏறுகிறார்கள். ஒன்பது மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெற்றோர் மகளின் ஆட்டத்தைப் பார்க்காமலே எழுந்து போகிறார்கள். வாசலில் எக்ஸ்எல் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். விழா யாருக்காக என்பதை நிகழ்ச்சி நிரலே சொல்லிவிடும். முதலில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம், பிறகு அறிக்கை, ஒரே ஒரு சிறப்புரை, அடுத்து பெரிய பிள்ளைகள், எட்டு மணிக்குள் நாட்டுப்பண் என்று முடித்த பள்ளிகள் இருக்கின்றன. எந்த விருந்தினரும் கோபித்துக்கொண்டதில்லை. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று 2021-ல் பதவியேற்ற முதலமைச்சர் அந்தப் புதிதில் கேட்டுக்கொண்டார். மேடையில் கொடுக்கிற புத்தகத்தை விருந்தினர் அங்கேயே பள்ளி நூலகத்துக்குத் திருப்பித் தந்துவிட்டால், ஒரே விழாவில் ஒரு அலமாரி நிறையும்.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காமராசர் ஆட்சியில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது, 1950-களின் கடைசியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கரும்பலகை, கடிகாரம், பெஞ்சு என்று மக்கள் மேடையில் கொண்டு வந்து வைத்தார்கள். சிலர் நிலமே எழுதிக் கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியை இன்றைக்கும் ஆண்டு விழாவில் பார்க்கலாம். மளிகைக் கடைக்காரர் பரிசுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கித் தருவார். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த பழைய மாணவர்கள் ஒலிபெருக்கி வாங்கித் தருவார்கள். பள்ளிச் சுவரிலும் பீரோவிலும் தண்ணீர்த் தொட்டியிலும் '2006-08 மாணவர்கள் அன்பளிப்பு' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருப்பதைத் தமிழ்நாட்டின் எந்த அரசுப் பள்ளியிலும் காணலாம்.

மேடையில் என்ன ஆடுகிறார்கள் என்பதற்கு வருவோம். சினிமாப் பாட்டே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேரனின் 'ஆட்டோகிராஃப்' படத்தில் சித்ரா பாடி, பா.விஜய்க்கும் அவருக்கும் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு, 2004-க்குப் பிறகு எத்தனை ஆயிரம் பள்ளி மேடைகளில் ஒலித்திருக்கும்! மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து வந்த பாட்டு அது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை, தனக்குப் பொருள் புரியாத, புரிந்தால் கூசிப் போகக்கூடிய வரிகளுக்கு ஆடுவதைப் பார்க்கும்போது, அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்த பெரியவர்கள் மீது வருத்தம் வருகிறது.

இதே மேடையில் பறை ஒலிப்பதைக் கேட்கும்போது மனம் நிறைகிறது. சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட கருவியைப் பள்ளிச் சீருடையில் பெண் பிள்ளைகள் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கொங்குப் பகுதியின் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு அதற்கு முந்தைய ஆண்டு கிடைத்தது. நாட்டின் பெரிய விருது அவர்களைத் தேடி வந்தது பிறகுதான். பள்ளி மேடைகள் அவர்களின் கலைக்கு முன்பே இடம் கொடுத்துவிட்டன.

சாதி இந்த மேடையிலும் ஏறப் பார்க்கிறது. சாதித் தலைவரின் படம் போட்ட பனியன், சாதிப் பெருமை பேசும் பாட்டு, கூட்டத்திலிருந்து ஒரு பக்கம் மட்டும் எழும் விசில். ஆசிரியர்கள் நடுங்கும் நேரம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைப் பள்ளிக்குள் அனுமதிக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுப்பது ஒரு வேலை. அறுத்த கைகளை ஒன்றாகச் சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை. இரண்டு தெருப் பையன்களும் ஒரே ஒயிலாட்ட வரிசையில் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தால், ஒருவன் அடி தவறினால் மொத்த வரிசையும் தவறும் என்பதை அவர்கள் உடம்பாலேயே தெரிந்துகொள்கிறார்கள். எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர் என்று முன்கூட்டியே பார்த்து, வெளியே சொல்லாமல் குழுவைக் கலந்து போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய காரியம்.

ஆண்டு விழா முடிந்த சில நாட்களில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிரிவு உபசார விழா. இதை நடத்துவது ப்ளஸ் ஒன் பிள்ளைகள். ஆளுக்கு ஐம்பதோ நூறோ போட்டு, சமோசா, மிக்சர், ஒரு கேக். வகுப்பறைக்குள்ளேயே கலர் பேப்பர் தோரணம். அன்றைக்குத்தான் குரூப் போட்டோ. நடுவில் தலைமையாசிரியர், இரு பக்கமும் ஆசிரியர்கள், பின்னால் பெஞ்சு மேல் பையன்கள். நான்கு ஆண்டுகள் ஒரே வகுப்பில் படித்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத பையனும் பெண்ணும் அன்று ஒருவர் நோட்டில் மற்றவர் கையெழுத்துப் போடுவார்கள். வகுப்பாசிரியர் பேச எழுந்து, இரண்டு வாக்கியத்தில் குரல் கம்மி உட்கார்ந்துவிடுவார். எப்போதும் பிரம்போடு திரிந்தவர் என்று பிள்ளைகள் நினைத்திருந்த ஆசிரியர் அவர்.

பத்தாம் வகுப்புக்குப் பல பள்ளிகளில் இதுவும் கிடையாது. "அடுத்த வருஷமும் இங்கதானே படிக்கப்போறாங்க" என்பார்கள். ஆனால் உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பு பத்தோடு முடிகிறது. பிறகு ஒருவன் ஐ.டி.ஐ., ஒருத்தி பாலிடெக்னிக், இன்னொருவன் திருப்பூர் பனியன் கம்பெனி. சில பெண் பிள்ளைகளுக்கு அதுதான் வாழ்க்கையிலேயே கடைசிப் பள்ளி நாள். அவர்களுக்கும் ஒரு மாலை நேரம் வேண்டும்.

ஆண்டின் கடைசி நாளை நாம் சரியாகக் கொண்டாட விடாததன் விளைவைத் தேர்வு முடியும் நாளில் தெருவில் பார்க்கிறோம். சட்டையில் இங்க் தெளிப்பது பல தலைமுறைப் பழக்கம். பிரில் இங்க் பாட்டிலைப் பையில் ஒளித்து எடுத்துப்போன அப்பாக்கள்தான் இன்றைய பிள்ளைகளைத் திட்டுகிறார்கள். அது வண்ணப்பொடியாக மாறி, சில இடங்களில் பேருந்துக் கூரை, பட்டாசு, கைகலப்பு என்று போய்விட்டது. படித்த வகுப்பறையின் மேசை நாற்காலிகளையே மாணவர்கள் உடைத்த காட்சியும் செய்திகளில் வந்தது. அதனால் இப்போது கடைசித் தேர்வன்று பள்ளி வாசலில் போலீஸ் நிற்கிறது. பெற்றோரை வரவழைத்து உடனே கூட்டிப்போகச் சொல்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளையை வரவேற்பது லத்தி.

விடைபெறாமல் போவது என்னவென்று ஒரு தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். 2020 மார்ச் 24 அன்று ப்ளஸ் டூ கடைசித் தேர்வு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. தேர்வறையிலிருந்து வெளியே வந்தவர்கள் நின்று பேசக்கூட முடியாமல் கலைந்தார்கள். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குத் தேர்வே ரத்து. அந்த இரண்டு செட் பிள்ளைகளும் இன்றைக்கும் பழைய மாணவர் சந்திப்பு என்று யாராவது தொடங்கினால் முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள்.

நான் கேட்பது சின்ன ஏற்பாடு. தேர்வு 10 மணிக்குத் தொடங்கி 1.15-க்கு முடிகிறது. பசி நேரம். சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் ப்ளஸ் டூ பிள்ளைக்கு அந்த வளாகத்தில் சாப்பாடு கிடையாது. தேர்வு மையம் பல பிள்ளைகளுக்கு வேறு பள்ளியில் இருக்கும். கடைசி நாளன்று அவர்கள் நிற்பது முன்பின் தெரியாத வாசலில். அன்று ஒரு வேனோ பஸ்ஸோ வைத்து அவர்களைச் சொந்தப் பள்ளிக்கு அழைத்து வரலாம். பெற்றோர் ஆசிரியர் கழகமும் பழைய மாணவர்களும் சேர்ந்தால் சோறு, சாம்பார், ஒரு பொரியல், பாயசம் போட முடியும். ஆசிரியர்களே பரிமாறட்டும். வெள்ளைச் சட்டையில் எழுத வேண்டுமென்றால் பள்ளிக்குள்ளேயே மார்க்கர் பேனா கொடுத்து, கையெழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். மூன்று மணிக்கு மணி அடித்து, அப்பா அம்மாவோடு வாசல் வரை போய் அனுப்பிவைக்கலாம். தேர்வு அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. வேனுக்குச் சொல்லிவைக்கவும் அரிசிக்கு ஆள் பிடிக்கவும் அவ்வளவு அவகாசம் தாராளம்.